இரண்டாவது ராஜாவின் தலை

பொருட்காட்சியில் மைக் பிடித்து விளக்கம் சொல்வது என்பது, பஜ்ஜி சாப்பிட வந்தவர்களை வழிமறித்துச் சரித்திரம் ஊட்டும் வேலை. கவுன்ட்டரில் உட்கார்ந்தும், போனில் பேசியும், கரும்பலகை முன்னால் நின்றும் ஒரே பதிலை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லித் தொண்டை வறண்டவர்களே, நீங்கள்தான் என் சொந்தக்காரர்கள். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அநியாயம் யாருக்கு நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எகிப்தில் அபு சிம்பல் என்ற ஊரில் மலையைக் குடைந்து செய்த ஒரு கோயில் இருக்கிறது. வாசலில் நான்கு பிரம்மாண்டமான சிலைகள். நான்குமே ஒரே ஆள், இரண்டாம் ராமேசஸ் என்ற ராஜா. தாடையில் ஒட்டுத் தாடியோடு, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருப்பார். இடது பக்கத்திலிருந்து இரண்டாவது ராஜாவுக்கு மட்டும் இடுப்புக்கு மேலே ஒன்றும் கிடையாது. பழங்காலத்தில் வந்த நிலநடுக்கத்தில் உடைந்து, தலையும் மார்பும் காலடியில் விழுந்தன. இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கின்றன. அந்த ராஜாவுக்கு, திருச்சியில், தென்னூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில், ஒரே முற்பகலில், வேறு யாருடைய தலையையோ எடுத்து வைத்து ஒட்டிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் ராமேசஸ். சாட்சி நான்.

நான் காட்டூர்ப் பெண். பெயர் யாழினி. எம்.ஏ. தொல்லியல், இரண்டாம் வருஷம். களப்பயிற்சி என்று இருபது நாள் எங்காவது வேலை பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் மியூசியம், அகழாய்வு என்று கிளம்பினார்கள். எனக்கு வாய்த்தது இந்தப் பொருட்காட்சி. ராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் போகிற வழியில், நுழைவாயிலாக ஒரு அபு சிம்பல் செட். இருபதடி உயரம், தெர்மோகோலும் பிளாஸ்டரும். அளவும் படமும் கொடுத்தது நான். கடைசி ஞாயிற்றுக்கிழமை என் பேராசிரியை நேரில் வந்து செட்டைப் பார்த்து, திருப்தியாக இருந்தால்தான் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். அதில் தப்பு இருந்தால் அது என் தப்பு. என் எம்.ஏ. அந்த ராஜாவின் கழுத்தில் தொங்கியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தவிடு

முதல் நாள். மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த ஒரு ரைஸ் மில்காரர், வெள்ளைச் சட்டைப் பையில் செல்போன் பிதுங்க, செட்டுக்கு முன்னால் நின்று, “எத்தனை லோடு கல்லும்மா இறக்கியிருப்பாங்க?” என்று கேட்டார். கேள்வியிலேயே எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. ஒரு லோடுகூட இறக்கவில்லை ஐயா, இது குடைவரை, கல்லை அடுக்கிக் கட்டவே இல்லை, முழு மலையிலிருந்து வேண்டாத கல்லை வெட்டி வெளியே எடுத்தார்கள், மிச்சம் நின்றதுதான் கோயில், வாசல் சிலைகளும் உள்ளே இருக்கிற தூண்களும் எல்லாமே அதே மலை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அதோ பின்னால் தெரிகிறதே நம்ம மலைக்கோட்டை, அதிலும் பல்லவர் குடைந்த குகைக் கோயில் ஒன்று, பாண்டியர் காலத்தது ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு குத்தும் குத்தினேன்.

“வருஷா வருஷம் பிள்ளையாரைப் பார்க்கப் போறேன், அது என் கண்ணுல பட்டதே இல்லையே” என்றார் கொஞ்சமும் வெட்கப்படாமல். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “அப்ப நெல்லு மாதிரிதான். உமியையும் தவிட்டையும் எடுத்தா உள்ள இருக்கிறது அரிசி.” இரண்டு வருஷம் நான் படித்த குடைவரைக் கலைக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. அதோடு போயிருக்கலாம். நாலடி நடந்தவர் திரும்பி வந்து, என் பாடத்திட்டத்திலேயே இல்லாத ஒன்றைக் கேட்டார்: “சரிம்மா, அவ்வளவு தவிட்டையும் எங்க கொட்டுனாங்க?”

முழங்காலுக்குக் கீழே

ராஜா சிலைகளின் கால்களுக்குப் பக்கத்திலும் நடுவிலும் சின்னச் சின்ன உருவங்கள் நிற்கும். ராஜாவின் அம்மா, பட்டத்து ராணி, பிள்ளைகள். ஒருவர்கூட முழங்காலைத் தாண்ட மாட்டார். இந்த இடம் வந்தால் என் குரல் தானாக ஏறிவிடும். உடம்பின் அளவுதான் அந்தஸ்து என்பது எகிப்தியச் சிற்பிகளின் கணக்கு, பெரியவன் பெரிதாக, மற்றவர்கள் பொடிசாக. ஆனால் பக்கத்து மலையில் நெஃபர்தாரி ராணிக்குக் குடைந்த சின்னக் கோயிலில், வாசலில் ராணியும் ராஜாவும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள், எகிப்தில் அது அபூர்வம் என்று மைக்கில் முழங்குவேன்.

அன்றைக்கு முன்வரிசையில் ஒரு தம்பதி. கணவர் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி மட்டும் கையில் பஞ்சுமிட்டாயுடன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினார். ஆஹா, ஒரு உள்ளமாவது என்னோடு சேர்ந்து கொதிக்கிறது என்று நினைத்து, “மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளையை இப்படி வெச்சிருக்காங்களே, உங்களுக்குக் கோபம் வரலையாக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கணவரின் போனை எட்டிப் பார்த்தார். சாவகாசமாகப் பஞ்சுமிட்டாயைப் பிய்த்தார். “இவரு ஸ்டேட்டஸ்ல வைக்கிற குடும்பப் படத்துல நானும் இதே சைஸுலதாம்மா இருப்பேன்.”

மூளி

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மழை. கூட்டம் இல்லை. நான்காம் நாள் காலை கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், டெல்லி அப்பளக் கடைக்காரரை முன்னால் விட்டுக்கொண்டு, பொருட்காட்சி நடத்தும் தங்கராசு அண்ணனிடம் வந்தார்கள். தங்கராசு அண்ணன் நல்ல மனிதர்தான். யார் எது சொன்னாலும் “ஆமாமா” என்பார். அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

“வாசல்லயே மூளிச் சிலையை வெச்சிருக்கீங்களே, வியாபாரம் எப்படிங்க நடக்கும்? உடைஞ்ச பிள்ளையாரை வீட்டுல வெச்சிருப்பமா? ஆத்துல விட்டுருவம்ல?” என்றார் அப்பளக் கடைக்காரர். நான் உள்ளே புகுந்தேன். இது சாமி இல்லை, ராஜா. கும்பிடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. இது உடையவில்லை, உடைந்த மாதிரி செய்தது. எங்கள் செட் மாஸ்டர் முருகேசன் அண்ணன் அந்த உடைசலைச் செய்யவே மூன்று நாள் எடுத்துக்கொண்டார். கீழே கிடக்கிற தலையின் மூக்கு எப்படிச் சிதைந்திருக்கிறது என்று என் போனைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். எகிப்துக்கு எத்தனையோ பேர் போய் அந்த உடைந்த ராஜாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், யார் வியாபாரமும் படுக்கவில்லை.

மழைக்கும் ராமேசஸுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தங்கராசு அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்து இரண்டு தடவை “ஆமாமா” சொன்னார். அப்பளக் கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாப்பா படிச்ச புள்ள, நல்லாத்தான் பேசுது, அதுக்காக மூளி மூளி இல்லைன்னு ஆயிருமா?”

மீசை

மறுநாள் பதினோரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ராமேசஸுக்கு மேல்பாதி முளைத்திருந்தது. போன வருஷம் போட்ட ‘மன்னர் தர்பார்’ செட்டிலிருந்து ஒரு ராஜாவை இடுப்போடு அறுத்து எடுத்து வந்து, எகிப்திய இடுப்பின்மேல் உட்கார்த்தியிருந்தார்கள். முத்துமாலை. காதில் கடுக்கன். தலையில் பச்சைக் கல் பதித்த கிரீடம். மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட, கன்னத்தைத் தாண்டிப் போகிற மீசை. பக்கத்து மூன்று ராமேசஸும் நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணை உருட்டி டிக்கெட் கவுன்ட்டரைப் பார்த்து முறைத்தார்.

முருகேசன் அண்ணன் சாரத்தின் மேலிருந்து இறங்கினார். முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தது, அதைவிட அதிகமாக பிளாஸ்டர் இருந்தது. “ஒரே ஆள்னு நான் எத்தனை தடவை சொன்னேன்ணே! நாலும் ஒரே ஆள்! ஒரே ஆளுக்கு மூணு இடத்துல மீசை இல்லாம ஒரு இடத்துல மட்டும் எப்படி வரும்?” என்று கத்தினேன். அவர் சிலைகளை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: “மத்த மூணு பேருக்கும் தாடி குடுத்திருக்கே தங்கச்சி, இவருக்கு மீசையாவது இருக்கட்டும்.”

கீழே கிடப்பவர்

தலையை ஒட்டியவர்கள், பழைய உடைந்த தலையைக் காலடியிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள். விளைவை யோசித்துப் பாருங்கள். மீசை ராஜா மேலே முறைக்கிறார். கீழே ஒரு தலை உருண்டு கிடக்கிறது. அன்று மாலையே ஒரு அப்பா, தோளில் உட்கார்ந்திருந்த மகளுக்கு விளக்கம் சொல்வதைக் காதால் கேட்டேன். “அது எதிரி நாட்டு ராஜாடா கண்ணு. சண்டையில வெட்டிப் போட்டுட்டாங்க.” நான் மைக்கை வைத்துவிட்டு ஓடினேன். இல்லைங்க, கீழே கிடப்பதும் அவர்தான், மேலே இருப்பதுதான் வேறு யாரோ என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தன் தலையைத் தானே காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பற்றி நான் பேசுகிறேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். குழந்தையை இறக்கிவிட்டு, எனக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தார்: “நாலு பேர்ல யாரு காலுக்குக் கீழ கிடக்குன்னு பாருங்க, மீசை வெச்சவரு காலுக்குக் கீழ, அப்ப யாரு வெட்டியிருப்பா?”

இந்தக் குழப்பம் தங்கராசு அண்ணன் காதுக்குப் போனது. உடனே தீர்வு கண்டார். கீழே கிடந்த தலையைத் தூக்கி டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் போடச் சொன்னார். அடுத்த நாள் நான் போய்ப் பார்த்தபோது, டிக்கெட் கொடுக்கும் ரெஜினா அக்கா, எகிப்து தேசத்துச் சக்கரவர்த்தியின் கன்னத்தின்மேல் பழைய துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். நான் அலறியதைக் கேட்டும் எழுந்திருக்கவில்லை. “பிளாஸ்டிக் ஸ்டூல் நடுமுதுகுல பிடிக்குது பாப்பா, இது நம்ம உடம்புக்குன்னே குழிச்சு விட்ட மாதிரி இருக்கு.”

அணைக்கட்டு

என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். கருத்துப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு வாசலில் கட்டித் தொங்கும். ‘சூப்பர்’, ‘பாத்ரூம் சரியில்லை’ என்ற இரண்டு கருத்துகளைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. அதில் நான்கு பக்கம் மனு எழுதினேன். நைல் நதியில் பெரிய அணை கட்டியபோது இந்தக் கோயில் மூழ்கிவிடும் என்று, முழுக் கோயிலையும் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பல நாட்டு இன்ஜினீயர்கள், ராட்சதக் கிரேன்கள். மலையையே நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு தலையைத் தூக்கி ஒட்டத் தெரியாதா? ஆனாலும் ஒட்டவில்லை. பழைய இடத்தில் எப்படிக் கிடந்ததோ, புது இடத்திலும் காலடியில் அப்படியே கிடத்தினார்கள். அது விழுந்ததும் அதன் சரித்திரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ‘எழுத்துப்பூர்வமான பதில் தேவை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

தங்கராசு அண்ணன் கண்ணாடியைப் போட்டு நான்கு பக்கத்தையும் படித்தார். உதடு அசையப் படித்தார். “ஆமாமா” என்றார். ஞாயிற்றுக்கிழமை மேடம் வருவதற்குள் பழையபடி ஆக்கிவிடுவோமா என்று ஆசையாகக் கேட்டேன். “அங்க கோயில் வாசல்ல டெல்லி அப்பளக் கடை இல்லம்மா, அவங்களுக்கென்ன” என்றார். இது சரித்திர நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம் அண்ணே என்றேன். அவர் நோட்டை மூடினார். காவிரிப் பக்கம் கையை நீட்டினார். “ஸ்ரீரங்கத்துல எத்தனை தலைமுறையா மொட்டையா நின்ன தெக்குக் கோபுரத்தையே முடிச்சுட்டோம், உங்க ராஜா மட்டும் மொட்டையாவே இருக்கணுமா?”

எலுமிச்சம்பழம்

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தபோது, மீசை ராஜாவின் காலடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. யாரோ தவறவிட்டது என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், வீட்டில் ஜூஸ் போட்டார்கள். மறுநாள் மூன்று பழம், குங்குமத்தோடு. அதற்கு மறுநாள் ஒரு முழம் கதம்பம், கற்பூரம் எரித்த கறுப்புத் தடம். தெர்மோகோல் செட்டில் கற்பூரம்! தீப்பிடிக்கும் என்று நான் பதறிப் போர்டு எழுதி வைத்தேன். போர்டுக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு மழை விட்டுக் கூட்டம் அலைமோத ஆரம்பித்தது. அப்பளக் கடைக்காரர் தினமும் முதல் அப்பளத்தை ராஜாவுக்குக் காட்டிவிட்டுத்தான் விற்றார். ஒரு அம்மா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய், அம்மா இது எகிப்து ராஜா, அதுவும் முழு எகிப்து ராஜாகூட இல்லை, பாதிதான் என்று எடுத்துச் சொன்னேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். “எந்த ஊரா இருந்தா என்னம்மா, வந்த இடத்துல நாலு பேருக்கு நல்லது பண்றாரா இல்லையா?”

உத்தர வீதியில் ஒரு மத்தியஸ்தம்

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இன்னும் ஒரே நாள். மூளி, மூளி என்கிறார்களே, அதற்கு சாஸ்திரம் தெரிந்த ஒருவரே “தோஷமில்லை” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டு ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் என் தோழியின் அப்பா வரதன் மாமா. கோயில் கைங்கர்யக் குடும்பம். பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அன்று லீவில் இருந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ பார்த்தபடியே என் வழக்கு முழுவதையும் கேட்டார். “ஆராதனை இல்லாத பொம்மைக்குப் பின்ன தோஷம் ஏது? உடைஞ்சிருந்தா உடைஞ்சிருக்கட்டுமே” என்றார். நான் சோபாவிலிருந்து குதித்தேன். அவர் விரலை உயர்த்தினார். “இரு. அது அப்போ. இப்போ புஷ்பம் சாத்தறா, கற்பூரம் காட்டறாங்கறே. தலையை ஒட்டினப்போ அது வெறும் பொம்மை. இப்போ அப்படி இல்லை. இப்போ எடுத்தேள்னா, அதுதான் பின்னம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பான தலையை ஒட்டியது தோஷமில்லையாம், எடுப்பதுதான் தோஷமாம்! “அப்ப உங்க கோயில்ல மராமத்தே பண்றதில்லையா மாமா? சுவத்துல விரிசல் விட்டா பெருமாள் மேலயே விழட்டும்னு விட்டுடுவீங்களா?” என்று நாக்கு நீண்டுவிட்டது. தோழி என் காலை மிதித்தாள். மாமா கோபப்படவில்லை. கோயில்களில் வேலை தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள் என்றார். மூர்த்தியிடம் உள்ள சக்தியை மந்திரத்தால் அழைத்து ஒரு குடத்துத் தீர்த்தத்தில் எழுந்தருளப் பண்ணி, தனி இடத்தில் வைத்து ஆராதிப்பார்கள். அதன் பிறகு சந்நிதியில் உளி படலாம். வேலை முடிந்ததும் சம்ப்ரோக்ஷணத்தன்று, அதாவது கும்பாபிஷேகத்தன்று, குடத்திலிருந்து திரும்பவும் மூர்த்திக்கே சேர்த்துவிடுவார்கள். நான் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, “அப்ப ஒரு ராஜாவைக்கூட…” என்று ஆரம்பித்தேன். அவர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். “தெர்மோகோலுக்கெல்லாம் என்னைக் கேக்காதே, நான் எதுவும் சொல்லலை, ஆனா குடம் பித்தளையா இருக்கட்டும்.”

குடம்

சனிக்கிழமை காலை, வாசல் திறப்பதற்கு முன்னால். பாலாலயம் என்ற ஒரு வார்த்தைக்குக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். என் நான்கு பக்க மனுவால் நடக்காதது அது. குடம் அப்பளக் கடைக்காரர் கொடுத்தார், தண்ணீர் முருகேசன் அண்ணன் பிடித்து வந்தார், மாவிலை தங்கராசு அண்ணன் பறித்து வந்தார். மந்திரம்? யாருக்கும் தெரியவில்லை. “பேர் சொல்லிக் கூப்பிடுவோம்” என்றார் தங்கராசு அண்ணன். “என்ன பேரு சொன்னே, ராமேசஸா?” அது நாம் கூப்பிடுகிற பேர், பட்டாபிஷேகத்தில் வைத்த பேர் வேறு என்று நான் வாயைக் கொடுத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பேரை அந்த மைதானத்தில் உச்சரிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நான், யாழினி, பகுத்தறிவும் ஆதாரமும் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டேன் என்று சபதம் போட்டவள், இரண்டு கையாலும் பித்தளைக் குடத்தைப் பிடித்துக்கொண்டு, தெர்மோகோல் ராஜாவின் முன்னால் நின்று, “உசர்மாத்ரே செட்டெபென்ரே” என்று மூன்று தடவை கூப்பிட்டேன். இரண்டாவது தடவை குரல் நடுங்கியது. அதற்கு என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. முருகேசன் அண்ணன் சாரத்தில் ஏறி மேல்பாதியை அறுத்து இறக்கினார். ரெஜினா அக்கா பெருமூச்சோடு எழுந்து தன் ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தார். படத்தைப் பார்த்துப் பார்த்து, கோலமாவால் தரையில் கோடு போட்டு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்த்து, தலையைக் கிடத்தினோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது ரெஜினா அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி என் காதருகே வந்தார். “நீ பேர் சொன்னப்ப குடத்துல தண்ணி ஆடுச்சு பாப்பா, நான் பார்த்தேன்.”

பேராசிரியை

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை வந்தார். கைப்பையைக்கூட இறக்காமல் செட்டைச் சுற்றினார். மேலே சூரியனைக் கும்பிடும் குரங்கு வரிசையை எண்ணினார். ராணி முழங்காலுக்குக் கீழே இருக்கிறாளா என்று பார்த்தார். இரண்டாவது ராஜாவிடம் வந்து குனிந்து, கீழே கிடந்த தலையின் சிதைந்த மூக்கை ரொம்ப நேரம் பார்த்தார். “யார் செய்தது? நன்றாக இருக்கிறது” என்றார். முருகேசன் அண்ணன் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார். மேடம் பேனாவை எடுத்து, அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட்டே விட்டார்.

நான் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போது, அவர் பேனாவை மூடிக்கொண்டே, வாசல் ஓரமாக மாவிலையும் கதம்பமும் குங்குமமுமாக நாற்காலியில் வீற்றிருந்த பித்தளைக் குடத்தைக் கண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குடத்தைப் பார்த்தார். “இது எந்த வம்சம்?”

எழுத்துப்பூர்வமான பதில்

திங்கட்கிழமை செட்டைப் பிரித்தார்கள். மூன்று ராமேசஸும் படுத்த வாக்கில் லாரி ஏறினார்கள், நான்காமவர் தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். குடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. கீழே கொட்டவும் பயம். திருப்பிச் சேர்க்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள வாசலில் ராஜா இல்லை. லாரி கிளம்பியபோது, என்னுடைய நோட்டுப் பக்கங்களைக் கிழித்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு தங்கராசு அண்ணன் முன்சீட்டில் ஏறிவிட்டார்.

ஆக, ஒரு ராஜாவின் தலையைத் தரையில் கிடத்துவதற்காக நான் சரித்திரத்தையும் அணைக்கட்டையும் கிரேனையும் சாட்சிக்கு அழைத்து எழுதிய நான்கு பக்க மனுவுக்கு, அடியில் நான் போட்ட இரண்டு கோடுகளுக்கும் கீழே, சிவப்பு மையில் கடைசியாகக் கிடைத்த எழுத்துப்பூர்வமான பதில் இதுதான்: “தலை இறக்கப்பட்டது, குடத்தில் இருப்பவரைக் காட்டூருக்கு எப்போது அழைத்துப் போகிறீர்கள்?”